கொக்கி ஓரத்துக் கல்

கண்ணு,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். எல்லோரும் என்றால் இப்போது நானும் பால்கனியில் வந்து உட்காரும் புறாக்களும்தான். அதனால் அதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். இணைச்சீருக்கு அக்கா பழைய அட்டிகையைப் போடட்டும் என்று நான் சொன்னதற்கு, ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஒரு படம் அனுப்பினாய். பெங்களூரில் ஏதோ கடையில் வாடகைக்குக் கிடைக்கும் கல்யாண நகை செட். "அக்காவுக்கு இணைச்சீருக்கு இதையே எடுத்துடலாங்கம்மா. அந்தப் பழைய கவரிங் அட்டிகை வேண்டாம், ஃபோட்டோல நல்லாவே இருக்காது" என்றாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். மூன்று தடவை கூப்பிட்டாய், எடுக்கவில்லை. அம்மாவுக்கு உன் மேல் கோபம் என்று நினைத்திருப்பாய். பாதிதான் உன் மேல். மீதி யார் மேல் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நீ ஒரு காதை எனக்கும் இன்னொரு காதை ஆபீசுக்கும் கொடுத்துக்கொண்டு "ம்... ம்..." என்பாய். இது அப்படிக் கேட்கிற விஷயம் இல்லை. முதலிலிருந்து படி. பாடப் புத்தகத்தில் செய்தது போலக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

நான் செய்கிற வேலை உனக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். போன தீபாவளிக்கு உன் சிநேகிதர்கள் வந்தபோது, சாப்பாட்டு மேசையில் இருந்த என் கல் டப்பாக்களை நீயே எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாய். "அம்மா சும்மா பொழுதுபோக்குக்குப் பண்றாங்க" என்று அவர்களிடம் சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது. பொழுதுபோக்கு இல்லை சாமி. கல் உதிர்ந்த கவரிங் நகைக்குக் கல் வைத்துக் கொடுப்பது என் தொழில், இருபது வருடமாக. இது தொடங்கிய கதை உனக்கு ஞாபகம் இருக்காது. உன் அக்கா ஆறாவது படிக்கும்போது, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடப் போகிற அன்றைக்கு அவள் நெற்றிச்சுட்டியில் ஒரு சிவப்புக் கல் விழுந்துவிட்டது. நான் கெட்டிக்காரி மாதிரி உடனே ஒட்டும் பசையைப் பிதுக்கி ஒட்டினேன். கல் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தப் பசையின் ஆவி பட்டு, சுற்றியிருந்த நல்ல கல்லெல்லாம் வெள்ளையாக மங்கிவிட்டது. உன் அக்கா அழுதுகொண்டே ஆடினாள். பார்த்தவர்கள் முகபாவம் பிரமாதம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். பழைய பசையை ஊசி முனையால் சுரண்டி எடுக்க வேண்டும். இரண்டு டியூப்பாக வரும் பசையைச் சமமாகக் கலந்து கடுகளவு வைக்க வேண்டும். பல் குத்தும் குச்சியின் நுனியில் மெழுகைத் தொட்டு, அதில் கல்லை ஒட்டித் தூக்கி, குழியில் இறக்க வேண்டும். அப்புறம் ஒரு நாள் முழுக்க அதைத் தொடக்கூடாது. என்னைப் போன்ற அவசரக்காரிக்கு அந்த ஒரு நாள்தான் கஷ்டம்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் சிவப்புக் கல் பளபளவென்று இருக்கும். முப்பது, நாற்பது வருடத்துக்கு முந்தைய கல்லின் சிவப்பு ஆழமானது, கொஞ்சம் கறுப்பு ஓடினது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அதனால் நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். முன்பக்கம் கல் விழுந்திருந்தால், கழுத்துக்குப் பின்னால் கொக்கி ஓரத்தில் இருக்கும் பழைய கல்லைப் பெயர்த்து முன்னால் வைத்துவிடுவேன். புதுக் கல்லைக் கொக்கி ஓரத்தில் வைப்பேன். அங்கே ஜடை மறைத்துக்கொள்ளும். ரொம்பக் கல் போயிருந்தால் இதுவும் உதவாது. அப்போது அதே காலத்து நகை இன்னொன்று கிடைத்து, அதிலிருந்து கல் எடுத்து வைத்தால்தான் உண்டு. நல்ல பழைய கல் பத்து கையில் இருந்தால் எனக்கு அன்றைக்கு விருந்து சாப்பிட்ட மாதிரி. இந்த ஆசை என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

நீ வேண்டாம் என்று சொன்ன அட்டிகை, எனக்கும் உன் அப்பாவுக்கும் கல்யாணம் நடந்தபோது உன் அத்தை இணைச்சீருக்குப் போட்டிருந்தது. இணைச்சீர் என்றால் உனக்கு வீடியோக்காரர் லைட் போடும் இன்னொரு அயிட்டம். அப்படி இல்லை. முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளை மணப்பெண்ணைப் போலவே அலங்கரித்து, கூடையைக் கையில் கொடுத்து, சீர் செய்துவைக்கும் அருமைக்காரர் சொல்லச் சொல்ல அண்ணன் தம்பியோடு சேர்த்து நிறுத்தி வைக்கிற சீர். இன்னொருத்தி வீட்டுக்குள் வந்தாலும் கூடப் பிறந்தவளுக்கு இந்த வீட்டில் உள்ள உரிமை போகாது என்று ஊரறியச் சொல்வது. உன் அப்பாவுக்கு மூத்தவள் உன் அத்தை. அவளுக்குப் போட்ட தங்கமெல்லாம் ஈரோட்டில் உன் மாமாவின் தறிப்பட்டறைக்குப் போயிருந்தது. எனக்கு அப்போது அது தெரியாது. மணவறையில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது அவள் கழுத்தில் இருபத்தொரு சிவப்புக் கல்லும் அப்படி இருந்தன. தங்கம், கெம்பு என்றே நினைத்தேன், பொறாமைகூடப் பட்டேன். உன் அப்பா தாலி கட்டும்போது அவருடைய இடது ஆள்காட்டி விரலில் ஒரு துணிச் சுற்று இருந்தது. பம்ப் செட் பட்டறையில் ஃபிட்டர் வேலை செய்கிறவர், வேலையில் பட்ட காயம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள், அன்னூர் பக்கம் எங்கள் அம்மா வீட்டில் விருந்து. உன் அத்தையும் எங்களோடு வந்திருந்தாள், அதே அட்டிகையோடு. பந்தியில் எனக்கு ஒரு பக்கம் உன் அப்பா, இன்னொரு பக்கம் அவள். பாயசம் ஊற்றும்போது அவள் குனிந்தாள், அட்டிகையின் நடுக்கல் கழன்று அவள் இலையில் விழுந்தது. நான் எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வயது, பிறந்த வீடு, சுற்றிலும் என் ஆட்கள், கேட்க வேண்டுமா. "ஏனுங்க நங்கை, இது வளையல் துண்டாட்ட இருக்குது! நாங்க கெம்புன்னுல்ல நெனச்சோம்!" என்று நாத்தனாரைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிச் சிரித்தேன். எதிர்ப் பந்தியிலிருந்து என் சித்தி, "அட்டியலே கவரிங்காட்டத்தான் இருக்குது" என்றாள். மொத்தப் பந்தியும் சிரித்தது. உன் அத்தை எழுந்து போய்விடவில்லை. பாயசத்தை முழுவதும் சாப்பிட்டாள், மோர் சாதம் வாங்கிச் சாப்பிட்டாள், இலையை மடித்தாள், கை கழுவினாள். பிறகு என்னிடம் வந்து அட்டிகையைக் கழற்றி என் கையில் வைத்தாள். "இத நீயே வெச்சுக்க அம்மணி. நல்லாப் பாத்து வெச்சுக்க" என்றாள். அதற்குப் பிறகு, ஒரே ஒரு நாள் தவிர, நம் வீட்டு வாசப்படியை அவள் மிதிக்கவில்லை.

உன் அப்பா அந்த நேரம் முழுக்க இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் திரும்பும் பஸ்ஸில் கேட்டேன், "நா ஒண்ணும் தப்பாச் சொல்லலீங்களே?" என்று. "விடு" என்றார். ஒரே வார்த்தை. அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எனக்குச் சௌகரியமாக நினைத்துக்கொண்டேன். ஆனால் வருடா வருடம் பொங்கலுக்கு ஒரு நாள் தனியாக ஈரோடு போய் வருவார். வந்தால் அன்றைக்கு முழுக்கப் பேசமாட்டார். உங்கள் காதுகுத்துக்கு அத்தை வரவில்லை, மாமா மட்டும் வந்தார். அக்கா கல்யாணத்துக்கும் அப்படித்தான். ஆறு வருடத்துக்கு முன் அப்பா போனபோது வந்தாள், உனக்கு ஞாபகம் இருக்கும். கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றாள், யாரிடமும் பேசாமல் போய்விட்டாள். கவரிங் நகைக்காக ஒருத்தி இப்படிப் பிடிவாதம் பிடிப்பாளா என்று அப்போதுகூட என் மனதுக்குள் எரிச்சல்தான் இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமே இல்லை.

அட்டிகை பீரோவில் கிடந்தது. நான் இந்த வேலையைப் பழக ஆரம்பித்தபோது அதைத்தான் முதலில் எடுத்தேன். நான் முறையாக வைத்த முதல் கல் அந்த வளையல் துண்டுதான். ஆனால் விழுந்த இடத்தில் வைக்கவில்லை. அது மங்கல், தொழில் புத்தி அப்போதே வந்துவிட்டது. கொக்கி ஓரத்துக் கடைசிக் கல்லை எடுத்து நடுவில் வைத்தேன், வளையல் துண்டைக் கொக்கி ஓரத்துக்குத் தள்ளினேன். பிறகு ஒரு நாள் வால்பாறையிலிருந்து ஒரு டீச்சர் தன் டாலர் சங்கிலியைக் கூரியரில் அனுப்பினார். மூன்று கல் இல்லை. அந்தச் சிவப்பு கோயமுத்தூர் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. எனக்கு பீரோ ஞாபகம் வந்தது. யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கண்ணு, நான் வாழ்க்கையில் செய்த தப்புகள் எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த நினைப்பு வந்து நின்றிருக்கிறது. அட்டிகையிலிருந்து மூன்றைப் பெயர்த்தேன். டீச்சர் எனக்கு போன் செய்து சந்தோஷத்தில் அழுதார். அடுத்து மதுக்கரையிலிருந்து ஒரு அம்மாவின் ஜிமிக்கிக்கு இரண்டு. அப்புறம் தோளுக்குக் கீழே கையில் போடுகிற ஒரு வங்கிக்கு நான்கு. பத்து வருடத்தில் இருபது கல்லும் போய்விட்டன. மிஞ்சியது அந்த வளையல் துண்டு மட்டும்தான். அது கனமாக இருந்தது, மினுக்கம் இல்லை, யாருடைய நகைக்கும் சேரவில்லை. அட்டிகை பொக்கை வாயாகி, ஒரு துணிப் பைக்குள் போனது.

இப்போது உன் கல்யாணம். பத்திரிகை அடித்ததும் நேரில் போவதற்கு முன் உன் அத்தைக்கு போன் செய்தேன். பையன் கல்யாணம், அவன் அப்பாவும் இல்லை, நீங்கள் வந்து முன்னால் நிற்க வேண்டும் என்றேன். மறுமுனையில் தறிச் சத்தத்துக்கு மேலே, "அட்டிகை இருக்குதா அம்மணி?" என்றாள். முப்பத்து மூன்று வருடத்தில் என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி. "இருக்குதுங்க நங்கை" என்றேன். "எடுத்துக்கிட்டு வா. பாக்கோணும். பாத்துப்போட்டுத்தான் வாரதா வேண்டாமான்னு சொல்லுவேன்" என்று வைத்துவிட்டாள்.

மதுக்கரை அம்மா வீட்டுக்குப் போனேன், இரண்டு கல்லையாவது கேட்டு வாங்கிவிடலாம் என்று. அவர் கதவைத் திறந்ததும் காதைத் தொட்டுக் காட்டி, "இன்னும் விழுகலீங்க பாருங்க, நீங்க வெச்ச கல்லு" என்றார். காபியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். புதுக் கல் இருபது வாங்கினேன். நைஸ் எமரித் தாளில் ஒவ்வொன்றாகத் தேய்த்து மினுக்கைக் குறைத்தேன். பத்து நாள், வேறு எந்த வேலையும் எடுக்கவில்லை. என் கைத்திறமை எல்லாம் அதில் இருந்தது என்று பெருமையாகவே சொல்வேன். பார்த்தால் யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, உன் அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை. முந்தின வாரம் வியாழக்கிழமை நான் ஈரோடு போய் வந்தேன் என்று சொன்னேனே, மஞ்சள் வாங்கப் போனேன் என்று, அது பொய். மஞ்சளும் வாங்கினேன்.

உன் அத்தைக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது. உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். அட்டிகையை மடியில் வைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. கட்டை விரலால் ஒரு ஓரத்திலிருந்து ஒவ்வொரு கல்லாகத் தடவிக்கொண்டே வந்தாள். நடுவில் வந்ததும் விரல் நின்றது. இரண்டு மூன்று தடவை அதே இடத்தைத் தேய்த்துப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்குது. ஆனா இது என்ர அட்டிகை இல்லியே அம்மணி."

பொய் சொல்ல எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அழுகைதான் வந்தது. டீச்சர், ஜிமிக்கி, வங்கி, எமரித் தாள், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பந்தியில் சிரித்ததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், இருபது கல் போனதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் இல்லை.

"கல்லு போனாப் போகுது. நாலு பேரு கழுத்துல, காதுலதான இருக்குது. நடுவுல ஒரு வளையல் துண்டு இருந்துச்சே, அது எங்க?"

"அது இருக்குதுங்க நங்கை. கொக்கி ஓரத்துல வெச்சிருக்கறனுங்க. அது ஒண்ணுதான் பழசு."

அவள் விரல் கொக்கி ஓரத்துக்குப் போனது. அதை அங்கேயே வைத்துக்கொண்டு, "இது யாரு வெச்சதுன்னு உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"நகை செஞ்ச ஆளு ஏமாத்தி வெச்சுப்போட்டான்னு நெனச்சனுங்க."

"உன்ர ஊட்டுக்காரன் வெச்சது."

கண்ணு, அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "கல்யாணத்துக்கு மொத நாளு பெட்டியத் தொறந்தா நடுக்கல்லு இல்ல. அந்தப் பதட்டத்துல கையி கதவுல இடிச்சு, புது வளையல் ஒடஞ்சு போச்சு. கல்யாண ஊட்டுல வளையல் ஒடஞ்சா என்ன நெனப்பாங்க, நா ஒரு மூலைல நின்னு அழுதுக்கிட்டிருந்தேன். உன்ர ஊட்டுக்காரன் வந்து துண்டப் பொறுக்கினான். 'அழுவாதக்கா, கல்லு கெடச்சிருச்சு'ன்னான். பின்னால போய் அரத்த எடுத்து ராவ உக்காந்துட்டான். மாப்பிளைக்கு நலங்கு வெக்கோணும்னு எல்லாரும் கூப்புட்டுக்கிட்டே இருக்கறாங்க, எந்திரிக்கவே இல்ல. சாக்லெட்டு சுத்தி வர்ற வெள்ளிக் காயிதத்த அடியில வெச்சு, தபாலுக்கு சீல் வெக்கற அரக்க உருக்கி ஒட்டுனான். வெரல வேற கிழிச்சுக்கிட்டான்."

விரல். தாலி கட்டின கையில் இருந்த துணிச் சுற்று. நான் சிரித்தது அந்த விரலைப் பார்த்து.

"அவுங்க எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேங்க" என்றேன்.

"எங்கிட்ட மட்டும் சொன்னானா? உம்மேல எனக்கிருந்த கோவம் ஒரு மாசத்துல போயிருச்சு அம்மணி. நீ புதுசா வந்த புள்ள, தெரியாமச் சொல்லிப்போட்ட. அவனுக்குத் தெரியுமல்ல? 'அது நா வெச்ச கல்லு'ன்னு அங்கயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் சேந்து சிரிச்சிருப்பேன். எலையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். பொங்கலுக்குப் பொங்கல் வருவான், அந்த நாற்காலிலதான் உக்காருவான். சொல்லுவான் சொல்லுவான்னு நானும் பாத்தேன். சொல்லல. நானும் கேக்கல. போயிட்டான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்த வீம்புக்காரங்க" என்றாள்.

உன் அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் சொன்னால் நான் பிறந்த வீட்டில் என் ஆட்கள் முன்னால் கூசிப்போவேன் என்று நினைத்திருப்பார். மூன்று நாள் பழக்கத்தில் எனக்காக அவர் பார்த்தது அது. அதற்கு விலையாக அவர் கொடுத்தது கூடப் பிறந்தவளை. யாருக்கும் வருத்தம் வரக்கூடாது என்று பேசாமல் இருந்த நல்ல மனுஷன், இரண்டு பேருக்கும் ஆயுசுக்கும் வருத்தத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பேசாமல் இருப்பது பெருந்தன்மை என்று இத்தனை வருடம் நான் உனக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அப்பாவைப் போல இரு, அதிர்ந்து பேசாதே என்று. அதைத் திருத்திக்கொள். மற்றதிலெல்லாம் அப்பாவைப் போலவே இரு, இதில் மட்டும் வேண்டாம்.

உனக்கு ஏன் இப்போது இதைச் சொல்கிறேன் என்றால், போன மாதம் முகூர்த்தப் புடவை எடுக்கப் போயிருந்தோமே, அன்றைக்கு உன் அக்கா ஒரு பச்சைப் புடவையை எடுத்துக் காட்டினாள். நீ கட்டப் போகிற பெண், "இது டீச்சருங்க கட்டற மாதிரி இருக்குதுங்க" என்று சிரித்தாள். உன் அக்கா டீச்சர் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் இல்லை. நல்ல பெண், எனக்குப் பிடித்த பெண், என்னைப் போலவே வாய் முந்திக்கொள்கிறது. உன் அக்கா புடவையை மடித்து வைத்துவிட்டாள். நீ போனைப் பார்த்தாய். நான் பார்த்தேன் கண்ணு, நீ போனை எடுத்து, ஒன்றும் வராத திரையை மேலும் கீழும் தள்ளினாய். அப்பா இலையைப் பார்த்தார், நீ போனைப் பார்க்கிறாய். "எங்க அக்காவும் டீச்சர்தான், மாட்டிக்கிட்ட" என்று நீ அங்கேயே சிரித்துச் சொல்லியிருந்தால், அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள், அக்கா அவள் முதுகில் ஒன்று வைத்திருப்பாள், கடையிலேயே முடிந்திருக்கும். இன்னும் முடிந்து போகவில்லை. அக்காவுக்கு நீ இன்றைக்கே போன் செய்.

உன் அத்தையிடம் கடைசியாகக் கேட்டேன், கல்யாணத்துக்கு வருவீர்களா என்று. "அந்த வளையல் துண்டத் திரும்பி நடுவுல வெய். அப்ப வாரேன்" என்றாள். தொழில்காரி புத்தி எனக்கு அந்த நேரத்திலும் போகவில்லை. "நடுவுல வெச்சா மங்கலாத் தெரியுமுங்க நங்கை. எல்லார் கண்ணுலயும் படும்" என்றேன். "படட்டும்" என்றாள்.

இன்று காலையில் ஜன்னல் பக்கம் மேசையைப் போட்டு அதைச் செய்தேன். கொக்கி ஓரத்திலிருந்து வளையல் துண்டைப் பெயர்த்தேன். அன்றைக்கு அதை வைத்தபோது பின்பக்கத்தை நான் கவனிக்கக்கூட இல்லை. பின்பக்கம் அந்த வெள்ளிக் காகிதம் கறுத்துப்போய் இன்னும் ஒட்டியிருக்கிறது, ஓரத்தில் அரக்கு ஒரு பொட்டு. விளிம்பில் அரத்தின் கோடுகள் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. அப்பாவின் அரம் பட்ட இடம். காகிதத்தை மாற்றினால் கல் கொஞ்சம் மினுங்கும், ஆனால் மாற்றவில்லை. அப்படியே நடுவில் வைத்திருக்கிறேன். அடுத்தடுத்த கல்லெல்லாம் நன்றாக இருக்க, நடுவில் அது மட்டும் மங்கலாக, ஒரு பக்கம் லேசாகச் சரிந்து இருக்கிறது. இருபது வருடத்தில் நான் செய்த எந்த வேலையும் இவ்வளவு மோசமாகத் தெரிந்ததில்லை. நாளைக் காலை வரை தொடக்கூடாது. அதுவரை கை சும்மா இருக்காது என்றுதான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வந்ததும் நேராக வீட்டுக்கு வராதே. அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஈரோட்டில் இறங்கி, பத்திரிகை வைத்து அத்தையைக் கூப்பிடு. அவளே வந்து உன் அக்காவுக்கு இந்த அட்டிகையைப் போட்டுவிடட்டும், அந்த உரிமை அவளுக்குத்தான் இருக்கிறது. இந்தக் கதையை அந்தப் பெண்ணுக்கும் போகிற வழியிலேயே சொல்லிவிடு. மாமியார் சின்ன வயதில் எவ்வளவு வாய்க்கொழுப்பு பிடித்தவள் என்று தெரிந்தால் அவளுக்கும் தைரியமாக இருக்கும்.

இணைச்சீர் அன்று அக்காவின் கழுத்தில் அந்த நடுக்கல் நிச்சயம் யார் கண்ணிலாவது படும். "நடுவுல என்ன, கண்ணாடித் துண்டாட்ட இருக்குது?" என்று யாராவது கேட்பார்கள், சிரிக்கவும் சிரிப்பார்கள். நீ கீழே பார்க்காதே, போனைப் பார்க்காதே. "அது எங்கப்பா வெச்ச கல்லு" என்று சொல். நான் அன்றைக்குப் பின்வரிசையில்தான் நிற்பேன், எனக்கும் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகச் சொல்.

அம்மா